குறிப்பு என்றொரு கட்டம்

ஏப்ரல். மழை.
வெப்பமானி ஐந்து டிகிரியைத் தாண்டிவிட்டது.
'இன்றிரவு வருவார்கள்' என்று
பன்னிரண்டு பேருக்குச் செய்தி அனுப்புகிறேன்.
வருகிறவர்கள் தவளைகள், தேரைகள்.

காட்டில் உறங்கி எழுந்து
ஏரிக்கு முட்டையிடப் போகிற அவர்கள் பாதையில்
நாங்கள் ஒரு தார்ச்சாலை போட்டுவிட்டோம்.
நுணல் தன் வாயால் கெடும் என்பது
எஸ்தோனியாவின் இந்த மூலையில் செல்லாது.
இங்கே அது வாயே திறப்பதில்லை.
லாரி வரும்வரை
நடுச்சாலையில் உட்கார்ந்து யோசிக்கும்.

வேலை எளிது.
குனி, எடு, வாளியில் போடு,
சாலையைக் கட, விடு.
எத்தனை என்று எழுது.

என் வேலை ஆட்களைச் சேர்ப்பது.
சம்பளம் வாங்காதவரை
எந்தக் குரலில் அதட்டுவது?

ஹெல்டுர் முப்பது வருடம்
இதே சாலையில் பேருந்து ஓட்டியவர்.
"பழைய கணக்கு ஒன்று இருக்கிறது" என்பார்,
அதற்கு மேல் விளக்கம் கிடையாது.
கைரித் படம் எடுக்க வந்தாள்.
முதல் தேரை அவள் கையில் மூத்திரம் பெய்தது.
அப்புறம் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.
பல் மருத்துவர் உர்வே வாளியைத் தொடமாட்டார்,
விளக்கை ஆட்டி வண்டிகளை நிறுத்துவார்.
தவளை என்றால் அவருக்குப் பயம்.
என்னிடம் மட்டும் சொன்னார்.
பட்டியலில் 'போக்குவரத்து' என்று போட்டுக்கொண்டேன்.

தாவோ பேசமாட்டான்.
மரம் அறுக்கும் ஆலையிலிருந்து நேராக வருவான்,
தலைமுடியில் மரத்தூளோடு.
மூன்று வசந்தமாகப் புதனும் சனியும்,
பத்து முதல் ஒரு மணிவரை.
ஒரே இரவில் நானூற்று இருபது.
நகராட்சிக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொன்னேன்.
கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

இந்த ஏப்ரலில் அவன் வரவில்லை.
'புதன் காலியாக இருக்கிறது.'
படித்துவிட்டான் என்று நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை.
பொறுப்பே இல்லாதவன் என்று
கைரித்திடம் சொல்லியும்விட்டேன்.

ஆண்டறிக்கைக்காக அன்றிரவு
பழைய தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
தேதி, நேரம், ஆண், பெண், இறந்தவை,
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்.
கூட்ட முடியாதது என்பதால்
படித்ததே இல்லை.
தாவோவின் கையெழுத்து, ஆணி அடித்த மாதிரி:

கையுறை கிழிந்தது.
வாளி ஒழுகுகிறது.
வளைவில் லாரி. தோளுக்கு ஒரு முழம்.
கையுறை இல்லை.
இன்று தனியாக.
ஒரு பெட்டையின் முதுகில் மூன்று ஆண்கள். சிரித்தேன்.
இன்றும் தனியாக.
லாரி. வளைவில் விளக்கு வேண்டும்.
தனியாக.

ஒவ்வொரு தாளின் மூலையிலும்
பார்த்துவிட்டதாக என் பச்சைக் கையொப்பம்.

மறுநாள் கையுறை வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போனேன்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பில்
பாதியை ரம்பம் தின்றுவிட்டது.
வாங்கிப் போட்டுப் பார்த்தான்.
"அளவு சின்னது" என்றான்.
திருப்பிக் கொடுத்துவிட்டு
அடுத்த மரத்தைத் தள்ளினான்.

அவன் திரும்பி வந்தான் என்று முடித்தால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
வரவில்லை.

வளைவில் இப்போது உர்வே, பெரிய விளக்கோடு.
தனியாக யாரும் நிற்கக்கூடாது என்று விதி வைத்தேன்.
இரண்டு பேர் கிடைக்காத இரவில்
சாலையைச் சாலையிடமே விட்டுவிடுகிறோம்.
விடிந்ததும் போய் எண்ணுகிறேன்.
'இறந்தவை' கட்டம் முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறது.
அந்த விதி சரிதானா என்று
சில காலைகளில் தெரிவதில்லை.

புதன் பத்து முதல் ஒன்றுவரை நானும் ஹெல்டுரும்.
நான் வாளி தூக்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.
ஈரத் தேரை உள்ளங்கையில்
இவ்வளவு கனக்கும் என்பது மறந்திருந்தது.

வண்டியின் உள்விளக்கில் தாளை நிரப்புகிறேன்.
ஆண் எழுபத்தொன்று. பெண் பதினைந்து. இறந்தவை நான்கு.
குறிப்பு:
ஹெல்டுருக்கு முழங்கால் வலி, சொல்லவில்லை.
குனியும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
அடுத்த வாரம் அவருக்கு விளக்கு, உர்வேயோடு.
பெரிய அளவுக் கையுறை ஒரு ஜோடி
பின் இருக்கையில் கிடக்கிறது.